பழைய கேரவன் வாங்கப் போகிறேன், எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் கேரவன், 14 வருடம் பழையது. உள்ளே பளிச்சென்று இருக்கிறது, விற்பவரும் தன்மையாகப் பேசுகிறார். முன் ஜன்னலுக்குக் கீழே மட்டும் புதிதாக ஒரு பலகை அடித்திருக்கிறது. கேட்டால் "அழகுக்குத்தான்" என்கிறார். முன்பணம் கொடுக்கலாமா?

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள்.

என் முதல் கேரவனை நானும் இப்படித்தான் வாங்கினேன். புது மெத்தை உறை, புதுத் திரைச்சீலை, கதவைத் திறந்ததும் குப்பென்று எலுமிச்சை வாசனை. என் மனைவி மட்டும் மெதுவாக, "ஏங்க, இத்தனூண்டு வண்டிக்கு எதுக்கு மூணு சென்ட் டப்பா?" என்று கேட்டாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்றாவது வாரம் நல்ல மழை. மூலை அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தபோது பின்சுவரில் கை பட்டது, விரல் உள்ளே போய்விட்டது. அழுத்தக்கூட இல்லை. நனைந்த அட்டைப்பெட்டியைத் தொட்டது போல இருந்தது. பழுதுபார்க்கச் சொன்ன தொகை வண்டி வாங்கிய விலையைத் தாண்டியது.

அதனால் இந்தப் பதிலில் பாதி தண்ணீரைப் பற்றித்தான் இருக்கும். கேரவனில் மற்ற எது கெட்டாலும் கழற்றி மாற்றலாம். சுவருக்குள் தண்ணீர் இறங்கிவிட்டால் பெரும்பாலும் வண்டியையே பிரிக்க வேண்டியிருக்கும்.

அந்த வயது வண்டிகளில் பெரும்பாலானவை உள்ளுக்குள் மரச்சட்டம். வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, நடுவில் ஃபோம், உள்பக்கம் மெல்லிய பிளைவுட். தகடும் தகடும் சேரும் இடத்தில் மேலே ஓர் அலுமினியப் பட்டை வைத்து, அடியில் பசை போன்ற சீலன்டைத் தடவி, திருகு போட்டிருப்பார்கள். வெயிலும் குளிரும் மாறிமாறிப் பட்டு, போகிற வழியெல்லாம் குலுங்கி, வருடங்கள் போகப்போக அந்த சீலன்ட் காய்ந்து வெடிக்கும். தண்ணீருக்கு ஒரு மயிரிழை இடைவெளி போதும். அது உள்ளே போய் மரத்தை வருடக்கணக்கில் ஊறவைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

எனவே முடிந்தால் மழை விட்ட மறுநாள் போய்ப் பாருங்கள். எல்லோரும் வெயில் நாளில்தான் பார்க்கப் போகிறார்கள், விற்பவருக்கும் அதுதான் வசதி. போவதற்கு முன், "ஜன்னல் எல்லாம் மூடியே இருக்கட்டும், ஹீட்டரும் போட வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். உள்ளே நுழைந்ததும் முதல் மூச்சிலேயே பூஞ்சை வாடை தெரிந்துவிடும். இரண்டு நிமிடம் நின்றால் மூக்குக்குப் பழகிப்போகும், அப்புறம் பயனில்லை. வாசனை டப்பா தொங்கினால் ஏன் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

அடுத்தது கட்டைவிரல். முன், பின் ஜன்னல்களின் கீழ் விளிம்பு, நான்கு மூலைகள், கூரை ஜன்னலைச் சுற்றி, கதவு வாசலின் அடிப்பக்கம், வெளியே கூடாரத் துணி மாட்டும் பட்டைக்கு நேர் உள்பக்கம் என்று ஒவ்வோர் அங்குலமாக அழுத்திக்கொண்டே வாருங்கள். முக்கியமாக அலமாரிக்கு உள்ளே, படுக்கைப் பெட்டியைத் தூக்கி அதன் மூலையில். புது உறை போடுகிறவர்கள் அங்கே போவதில்லை. சுவர் ஒரே மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். எங்காவது மெத்தென்று இருந்தாலும், கறை, சுருக்கம், உப்பல் தெரிந்தாலும் கவனம் தேவை.

ஈரம் அளக்கும் கருவி ஒன்று சின்னதாகக் கிடைக்கிறது, கடன் வாங்கியாவது கொண்டுபோங்கள். 15 சதவீதம் வரை கவலையில்லை. 15 முதல் 20 வரை கண்காணிக்க வேண்டியது. 20-ஐத் தாண்டினால் எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 30-க்கு மேல் என்றால் மரம் ஏற்கெனவே அழுகிக்கொண்டிருக்கும், விலை என்ன சொன்னாலும் திரும்பி வந்துவிடுங்கள். ஓர் இடத்து எண்ணை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். சுவரின் நடுவில் 11 காட்டி, அதே சுவரின் மூலையில் 24 காட்டினால் அந்த வித்தியாசம்தான் சேதி. வருடாவருடம் சர்வீஸ் செய்தவரிடம் ஈர அளவுக் குறிப்பும் இருக்கும். கேட்டு வாங்கி ஒரே மூலையின் எண் எப்படி ஏறி வந்திருக்கிறது என்று பாருங்கள்.

தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடங்கள். கதவருகிலும் அடுப்புக்கு முன்னாலும்தான் எல்லோரும் நிற்பார்கள். அந்த இடத்தில் தரை அமுங்கினாலோ, முறுமுறுவென்று சத்தம் வந்தாலோ, பிளைவுட்டும் ஃபோமும் ஒட்டு விட்டிருக்கிறது. இதற்குத் துளை போட்டுப் பசை செலுத்திச் சரிசெய்ய வழி உண்டு. சுவர் அளவுக்குப் பயமில்லை, விலையில் குறைத்துக் கேட்கலாம்.

இனி எடை. இதை வீட்டிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடலாம், ஆனால் நிறையப் பேர் வாங்கிய பிறகுதான் போடுகிறார்கள். வண்டியின் தகட்டில் அனுமதிக்கப்பட்ட உச்ச எடை இருக்கும். 1300 கிலோ என்று வையுங்கள். காலி எடை 1130. மிச்சம் 170 கிலோ. துணிமணி, பாத்திரம், நாற்காலி, கேஸ் சிலிண்டர், தண்ணீர் எல்லாமே அதற்குள் அடங்க வேண்டும். பேட்டரி மட்டுமே 20 கிலோவைத் தாண்டும், கூடாரத் துணியும் கம்பிகளும் இன்னொரு 20, 30. முந்தைய உரிமையாளர் வண்டியைத் தானாக நகர்த்தும் மோட்டார் மாட்டியிருந்தால் அதுவும் சுமார் 30 கிலோவைத் தின்றிருக்கும்.

உங்கள் கார் எவ்வளவு இழுக்கலாம் என்பது காரின் ஆவணத்தில் இருக்கும், அது சட்ட வரம்பு. அதற்கும் கீழே, இழுத்துப் பழகாதவர்களுக்குச் சொல்லும் கணக்கு ஒன்று: கேரவனின் முழு எடை காரின் எடையில் 85 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. 1500 கிலோ கார் என்றால் 1275. மேலே சொன்ன வண்டி 25 கிலோ கூடுதல். கேட்கச் சின்னதாக இருக்கிறது, பக்கத்தில் ஒரு பெரிய லாரி முந்திப் போகும்போது வால் ஆடுவதைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. கொக்கியின் மேல் இறங்கும் எடை மொத்தத்தில் 5 முதல் 7 சதவீதம் இருக்க வேண்டும். அதாவது இங்கே 65 முதல் 91 கிலோ. ஆனால் உங்கள் காரின் கொக்கி 75 தான் தாங்கும் என்றால் 75-க்கு மேல் போகக் கூடாது.

டயரில் எவ்வளவு பட்டன் இருக்கிறது என்று பார்த்து ஏமாறாதீர்கள். கேரவன் டயர் ஓடித் தேய்வதைவிட நின்ற இடத்திலேயே கெடுவதுதான் அதிகம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2317 என்றால் 2017-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் செய்தது. ஐந்து வருடம் தாண்டினால் மாற்ற யோசிக்க வேண்டும், ஏழு தாண்டினால் யோசிக்கவே தேவையில்லை. ஸ்டெப்னியையும் பாருங்கள், பல வண்டிகளில் அது வண்டியோடு வந்ததாகவே இருக்கும்.

பிரேக்குக்கு ஒயரோ பைப்போ காரிலிருந்து போவதில்லை. கார் வேகம் குறைந்ததும் கேரவன் பின்னாலிருந்து முட்டும், அந்த அழுத்தத்தில் கொக்கித் தண்டு உள்ளே போய்க் கம்பியை இழுத்துப் பிரேக் பிடிக்கும். எனவே அந்தத் தண்டு துருப்பிடித்து இறுகியிருந்தால் பிரேக்கே கிடையாது. ஹேண்ட்பிரேக் போட்டபடியே மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். விற்பவரை அவர் காரில் மாட்டிச் சாலை வரை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். நகர மறுக்கிற சக்கரம் அப்போதே தெரிந்துவிடும்.

ஃபிரிட்ஜ் பற்றி ஒரு வார்த்தை. கேரவனில் பெரும்பாலும் கம்ப்ரஸர் இல்லாத வகை. 1922-இல் ஸ்வீடனில் இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த முறை, சூட்டைக் கொடுத்துக் குளிரை வாங்குவது. கேஸிலும் ஓடும், கரண்டிலும் ஓடும், ஆனால் குளிர மணிக்கணக்கில் ஆகும். நீங்கள் போய் நின்றதும் போட்டுக் காட்டினால் ஒன்றும் தெரியாது. முந்தைய நாள் இரவே போட்டு வைக்கச் சொல்லுங்கள், இரண்டு முறையிலும். விளக்கு, தண்ணீர்ப் பம்பு, ஹீட்டர், அடுப்பு எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கேஸ் ட்யூபிலும் ரெகுலேட்டரிலும் தேதி இருக்கும், பழையதென்றால் எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள். தண்ணீரை வடிக்காமல் கடுங்குளிரில் விட்ட வண்டியில் வெந்நீர்க் கொதிகலன் வெடித்திருக்கலாம், தண்ணீர் நிரப்பினால்தான் தெரியும்.

காகிதம்: சேசிஸ் எண், ஜன்னல் கண்ணாடியில் பொறித்த எண், ஆவணத்தில் உள்ள எண் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். கண்ணாடியில் சுரண்டிய தடம் இருந்தால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். அவர் வீட்டு வாசலில்தான் பார்க்க வேண்டும், வழியில் ஏதோ ஒரு பார்க்கிங்கில் வேண்டாம்.

அப்புறம் அந்தப் பலகை. 14 வருட வண்டியில் சரியாக முன் ஜன்னலுக்குக் கீழே மட்டும் ஒருவர் அழகு சேர்ப்பது எனக்கு இடிக்கிறது. தண்ணீர் அதிகம் இறங்கும் இடமே அதுதான். ஒரு திருகுளி எடுத்துக்கொண்டு போங்கள். "இதைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பி மாட்டிவிடுகிறேன்" என்று கேளுங்கள். சரி என்று சொன்னால் கழற்றி, அடியில் கட்டைவிரலை வையுங்கள். வேண்டாம் என்று சொன்னால் மற்ற எதையும் பார்க்காமல் கிளம்பிவிடுங்கள்.