கேள்வி – பதில்: மருந்துக்கு அடங்காத கிருமிகள்

ஆன்டிபயாட்டிக் அடிக்கடி சாப்பிட்டால் உடம்பு அதற்குப் பழகிவிடும் என்கிறார்களே?
– வாசகர், நாமக்கல்

பழகுவது உடம்பு அல்ல, மாறுவது கிருமி. ஆன்டிபயாட்டிக்கையே தொடாதவருக்கும் அடங்காத கிருமி பிறரிடமிருந்து தொற்றலாம். கோடிக்கணக்கான கிருமிகளில் ஒன்றிரண்டு, ஜீன் பிழையால் மருந்துக்குத் தப்பும் தன்மையோடு முன்பே இருக்கும். மற்றவை செத்ததும் களம் அவற்றுக்குத்தான். ஈ.கோலை போன்றவை வசதியான சூழலில் 20 நிமிடத்துக்கொரு முறை இரட்டிக்கும். ஓர் இரவு போதும்.

ஈ.கோலை எல்லார் குடலிலும் இருப்பதுதானே, பிறகெப்படி ஆளைக் கொல்கிறது?
– வாசகி, சிவகாசி

குடலில் இருப்பவை பெரும்பாலும் சாது. ஓ157:எச்7 வகை வேறு. 1982-ல் அமெரிக்காவின் ஓரிகன், மிச்சிகன் மாநிலங்களில் ஹாம்பர்கர் சாப்பிட்டவர்களுக்கு ரத்தக் கழிச்சல் வந்தபோதுதான் அது நோய்க்கிருமி என்று தெரிந்தது. அதன் நச்சுக்கான ஜீனை, பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் என்ற வைரஸ் கொண்டுவந்து செருகியிருக்கிறது. காலரா, தொண்டை அடைப்பான் கிருமிகளின் நச்சும் இப்படி வந்ததே. சிக்கல் என்னவென்றால், சில ஆன்டிபயாட்டிக்குகள் கிருமியின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும்போது அடங்கிக் கிடந்த ஃபேஜ் பெருகத் தொடங்கும். நச்சும் கூடவே ஏறும். குழந்தைகளுக்குச் சிறுநீரகம் செயலிழக்கும் ஆபத்து உண்டு. எனவே இந்த வகை என்று சந்தேகம் வந்தால் மருத்துவர்கள் பொதுவாக ஆன்டிபயாட்டிக்கைத் தவிர்த்து, நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

பாகிஸ்தானில் பரவிய டைபாய்டுக்கு எந்த மருந்தும் கேட்கவில்லையாமே? ஒரே கிருமி எப்படி அத்தனையையும் வெல்லும்?
– வாசகர், காரைக்குடி

எந்த மருந்தும் என்பது மிகை. 2016 இறுதியில் சிந்து மாகாணத்தின் ஹைதராபாத்தில் தலைதூக்கிய அந்தக் கிருமிக்கு குளோராம்பெனிகால், ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோல், சிப்ரோபிளாக்சசின், செப்ட்ரியாக்சோன் ஐந்தும் பலிக்கவில்லை. அசித்ரோமைசினும் மெரோபெனமும் கைகொடுத்தன.

பழைய மூன்று மருந்துகளை எதிர்க்கும் ஜீன்கள் அதன் குரோமோசோமிலேயே இருந்தன. அதன்மேல் வந்து சேர்ந்தது ஒரு பிளாஸ்மிட், அதாவது தனியே சுழலும் டி.என்.ஏ. வளையம். கிட்டத்தட்ட அதே வளையம் ஈ.கோலையிலும் காணப்பட்டது, இரண்டு கிருமிகள் ஒட்டிக்கொள்ளும்போது நகல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறும், இனம் வேறானாலும் தடையில்லை. அந்த வளையத்தில் இரண்டு ஜீன்கள் முக்கியம். ஒன்று தரும் நொதி செப்ட்ரியாக்சோன் மருந்தின் உயிர்நாடியான பீட்டா-லாக்டம் என்ற மூலக்கூறுப் பகுதியை வெட்டிவிடும். மற்றது சிப்ரோபிளாக்சசின் தாக்கும் கிருமியின் நொதிக்குக் காவல். இந்த இரண்டில் எந்த மருந்தைக் கொடுத்தாலும் பிளாஸ்மிட் வளையம் முழுவதும் பிழைத்துப் பரவும். 2019-ல் பாகிஸ்தான் டைபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசியை (கிருமியின் சர்க்கரை உறையைப் புரதத்தோடு இணைத்துச் செய்தது) வழக்கமான தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தது. உலகில் முதல் நாடு அதுதான்.

டைபாய்டு சந்தேகத்துக்கு விடால் போதுமா, பிளட் கல்ச்சர் வேண்டுமா?
– வாசகி, பொள்ளாச்சி

ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர்தான். விடால் என்பது கிருமியை அல்ல, அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை; பழைய தொற்றுக்கும் பாசிட்டிவ் காட்டும். எந்த மருந்து கேட்கும் என்று சொல்லாது. ரத்தத்தை முதல் டோஸுக்கு முன்பே எடுக்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. வேண்டும். டைபாய்டில் ஒரு மி.லி. ரத்தத்துக்கு ஒரு கிருமி இருந்தாலே பெரிது; 2 மி.லி. அனுப்பினால் நோய் இருந்தும் 'வளர்ச்சி இல்லை' என்று வர வாய்ப்பு அதிகம். பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. ரிப்போர்ட்டில் மருந்துக்கு நேரே 'எஸ்' இருந்தால் கேட்கும், 'ஆர்' என்றால் கேட்காது. பக்கத்திலுள்ள மில்லிமீட்டரை (மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தின் விட்டம்) வைத்து 25 உள்ளது 20-ஐ விட வீரியம் என்று நினைக்காதீர்கள். மருந்துக்கு மருந்து வரம்பு வேறு.