ஜனவரியில் எலிக்விஸ் விலை எகிறியது ஏன்?

அம்மாவுக்கு டிசம்பரில் 47 டாலருக்குக் கிடைத்த எலிக்விஸுக்கு (ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை), அதே மெடிகேர் பார்ட் டி திட்டத்தில் (அமெரிக்க அரசின் முதியோர் காப்பீட்டில் மருந்துக்கான பகுதி), இந்த ஜனவரியில் 231 கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரர் தப்பாகப் போடவில்லை. ஆண்டு மாறியதும் டிடக்டிபிள், அதாவது காப்பீடு பங்கு தரத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை, பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 2026இல் அதன் உச்சம் 615 டாலர். 231 என்பது மெடிகேர் பேரம் பேசிக் குறைத்த முழு விலை. அம்மாவுக்கு இந்த ஒரு மருந்துதான், திட்டமும் 615 வைத்திருக்கிறது என்றால், ஜனவரி, பிப்ரவரியில் 231, மார்ச்சில் மீதி 153ஓடு சிறிது பங்கு. அதற்குப் பிறகு பழைய மாதிரி இறங்கிவிடும்.

மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் தவணை முறை இருக்கிறது. மருந்துக் கடையில் கேட்காதீர்கள். காப்பீட்டு அட்டையின் பின்னால் உள்ள எண்ணுக்குப் பேசி, 'மெடிகேர் பிரிஸ்கிரிப்ஷன் பேமென்ட் பிளான்' வேண்டும் என்று சொல்லுங்கள். கடையில் பணம் தர வேண்டாம், பில் வீட்டுக்கு வரும். ஜனவரியிலேயே சேர்ந்தால் முதல் பில் 175ஐத் தாண்டாது (மருந்துக்கு ஆண்டு முழுவதும் நம் கையிலிருந்து போகும் உச்ச வரம்பான 2100ஐ 12 மாதங்களால் வகுத்தது). பிப்ரவரியில் மீதி 56ஓடு புது 231ஐக் கூட்டி, மீதமுள்ள 11 மாதங்களால் வகுப்பார்கள்: சுமார் 26. வட்டி கிடையாது. செலவு குறையாது, பிரிந்து வரும், அவ்வளவுதான். செப்டம்பருக்கு மேல் சேர்ந்தால் பெரிதாகப் பிரயோஜனமில்லை.

தள்ளுபடிக் கூப்பனில் வாங்கினால் அந்தப் பணம் பொதுவாக 2100 வரம்பில் சேராது. திட்டம் மாற்றுவதை அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7க்குள் பாருங்கள். டிடக்டிபிளே இல்லாத திட்டமென்றால் பிரீமியத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.