பழைய ரேஸ் சைக்கிள் விநோதங்கள்: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்?

கேள்வி: இத்தாலியில் ஒருவர் கம்பக்னோலோ டெல்டா பிரேக் ஜோடி ஒன்றை ஆன்லைனில் விற்கிறார். முக்கோண வடிவில், பளபளவென்று நகை மாதிரி இருக்கிறது. விலைதான் யோசிக்க வைக்கிறது. என்னிடம் உள்ள 1980களின் ஸ்டீல் ரேஸ் சைக்கிளில் மாட்டி ஞாயிற்றுக்கிழமை ஓட்ட ஆசை. வாங்கலாமா?

ஓட்டுவதற்கா, பார்த்து ரசிப்பதற்கா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் ரசிப்பதற்கு என்றால் தாராளமாக வாங்கலாம், ஓட்டுவதற்கு என்றால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். 1980களின் நடுவில் கம்பக்னோலோ கம்பெனியின் சி-ரெக்கார்ட் செட்டோடு, அதாவது பிரேக், கியர் எல்லாம் சேர்ந்த தொகுப்போடு, வந்த பிரேக் இது. முதலில் வந்தவற்றைக் கம்பெனியே திரும்பப் பெற்று, உள்ளே மாற்றிவிட்டுத்தான் மறுபடி விற்றது. அந்த அழகான மூடியைக் கழற்றினால் உள்ளே சாய்சதுரமாகக் கோத்த கைகள் இருக்கும். கேபிள் நடுவில் நேராக இறங்கிக் கீழ் முனையைப் பிடித்திருக்கும். லீவரை அழுத்தினால் அந்த முனை மேலே வரும், பக்க முனைகள் வெளியே விரியும், பிரேக் கட்டைகள் ரிம்மைக் கவ்வும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த அமைப்பில் பிடியின் பலம் ஒரே மாதிரி இருக்காது, கட்டை ரிம்மிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைப் பொறுத்து மாறும், கட்டை தேயத் தேய மறுபடி மாறும், அதனால் அட்ஜஸ்ட் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

அட்ஜஸ்ட் செய்வதும் லேசான வேலை இல்லை. கேபிளை இறுக்கும் போல்ட்டுக்கு 3.5 மி.மீ. ஆலன் கீ வேண்டும். நம் வீட்டு செட்டில் 3 இருக்கும், 4 இருக்கும், இது இருக்காது. கேபிள் நுனியை போல்ட்டை ஒட்டி வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் கீழே நீட்டிக்கொண்டு டயரில் உரசும். அப்படி வெட்டிய கேபிளை ஒருமுறை தளர்த்திவிட்டால் மறுபடி பிடித்து இழுக்க நீளம் போதாது, புது கேபிள்தான்.

அலமாரிக்காக வாங்குவதாக இருந்தாலும் மூடியைக் கழற்றி எடுத்த படம் கேளுங்கள், மூடியின் திருகாணிகள் எல்லாம் இருக்கின்றனவா, முன்பக்கத்துக்கு ஒன்று பின்பக்கத்துக்கு ஒன்று என்று சரியான ஜோடிதானா என்று பாருங்கள். இன்னொன்று, அதே கம்பெனியின் குரோச்சே தவுனே செட்டுக்கும் ஒரு டெல்டா இருந்தது, வைன்மன் கம்பெனியும் இதே சாயலில் ஒன்று செய்தது. அவசரமாகப் பார்த்தால் எல்லாம் முக்கோணம்தான், சி-ரெக்கார்ட் விலை கொடுத்துவிட்டு வேறெதையோ வாங்கிவிடாதீர்கள். ஓட்டுவதற்கு அதே காலத்துச் சாதாரண சைடுபுல் பிரேக் (கேபிள் ஒரு பக்கமாக இழுக்கும் வகை) போதும். விலையும் குறைவு, வண்டியும் நிற்கும்.

கேள்வி: ஷிமானோ டியூரா-ஏஸ் ஏஎக்ஸ் கிராங்க் (பெடலை மாட்டும் கை) ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. புதுசு போல இருக்கிறது, பெடல் மட்டும் இல்லை. பெடல் எங்கே வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்தானே?

அந்த மலிவுக்குக் காரணமே அந்தப் பெடல்தான்! ஏஎக்ஸ் என்பது 1980களின் தொடக்கத்தில், எல்லாவற்றையும் காற்றைக் கிழிக்கிற வடிவத்தில் செய்துவிட வேண்டும் என்று ஷிமானோ இறங்கியபோது வந்த செட். அதில் உண்மையிலேயே புத்திசாலித்தனமான பாகம் இந்தப் பெடல்தான் என்பது என் கருத்து. சாதாரணப் பெடலில் கால் அச்சுக்கு மேலே நிற்கும். இதில் பெடலின் நடுவில் அச்சே கிடையாது, பேரிங் முழுவதும் கிராங்க் ஓரத்துக்குப் போய்விட்டது, கால் அச்சுக்குக் கீழே தொங்குகிற மாதிரி நிற்கும். சீட்டையும் அதற்கேற்பக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம். இதற்காகக் கிராங்க்கில் 1 அங்குலத் துளை போட்டு மரை வெட்டினார்கள். மற்ற பெடல்களின் மரை 9/16 அங்குலம். துளைக்குள் விட்டுப் பார்த்தால் ஆடும், அவ்வளவுதான். அந்த வகைப் பெடல் தயாரிப்பு எப்போதோ நின்றுவிட்டது, இப்போது தனியாக விற்பனைக்கு வருகிற நல்ல ஜோடிக்குக் கிராங்க்கை விட அதிகம் கேட்பார்கள்.

பெடலோடு சேர்த்து வந்தால் வாங்குங்கள். அப்போதும் கையால் சுற்றிப் பார்த்து, கரகரவென்று சத்தம் இல்லாமல் ஓடுகிறதா என்று வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். அதே கம்பெனியின் 10 மி.மீ. பிட்ச் (செயினில் ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் உள்ள தூரம்) செயின் செட்டுக்கும் இதே கதைதான். உலகம் முழுக்க 12.7 மி.மீ. செயின் ஓடும்போது அதற்கு மட்டும் தனிச் செயின், தனிச் செயின் வீல், தனிப் பின் பல்சக்கரம். மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் மட்டும் பேச்சைத் தொடங்குங்கள்.

கேள்வி: ஸ்பினெர்ஜி ரெவ்-எக்ஸ் வீல் ஜோடி, போக்ஸ் கம்பிக்குப் பதில் கார்பன் பட்டைகள் உள்ளது. கல்லூரிக் காலத்தில் டிவியில் பார்த்து ஏங்கியது. தினமும் ஓட்டலாமா?

கூடாது. சுவரில் மாட்டுங்கள். 1990களில் பெரிய பெரிய ஆட்கள் ஓட்டியதுதான், ஆனால் பட்டை ஹப்போடு சேரும் இடத்தில் விரிசல் வந்த வீல்கள் நிறைய. பிறகு சர்வதேச சைக்கிள் சங்கமான யு.சி.ஐ. வீல்களுக்கு மோதல் சோதனை கொண்டுவந்தபோது கூட்டமாக ஓடும் ரேஸ்களிலிருந்து இது வெளியே போயிற்று. பொதுவாகவே பசை போட்டு ஒட்டிய பழைய பாகம் எதையும் ஓட்டுவதற்கென்று வாங்காதீர்கள். அயர்லாந்து ரேஸ் வீரர் ஷான் கெல்லி ஓட்டிப் புகழ்பெற்ற விட்டஸ் 979 அலுமினிய ஃப்ரேமும் இதில் சேரும். பசைக்கு எவ்வளவு வயதாகிவிட்டது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

கேள்வி: "கிரெக் லெமாண்ட் 1989இல் ஜெயித்த அதே ஹேண்டில்பார்" என்று போட்டு ஸ்காட் ஏரோ பார் விற்கிறார்கள். நம்பலாமா?

அதே மாடல் என்றால் நம்பலாம், அதே பார் என்றால் நம்பாதீர்கள். 1989 துர் த பிரான்ஸ் பந்தயத்தின் கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கி.மீ., ஒவ்வொருவரும் தனியாக நேரத்தோடு போட்டியிடும் ஓட்டம். லெமாண்ட் முதலிடத்தில் இருந்த லொரான் ஃபின்யோனை விட 50 விநாடி பின்தங்கியிருந்தார். முன்னால் நீட்டிய இந்தப் பாரில் முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்டினார். ஃபின்யோன் இந்த மாதிரிப் பார் இல்லாமல், ஹெல்மெட்டும் இல்லாமல் குடுமி பறக்க வந்தார். மொத்தப் பந்தயமும் 8 விநாடி வித்தியாசத்தில் லெமாண்டுக்கு முடிந்தது. அதற்கப்புறம் அந்தப் பாரைக் கேட்டு வாங்காத ஆள் உண்டா? கடைகளில் விற்ற சரக்கு அது, அபூர்வம் இல்லை, லெமாண்ட் பெயருக்காகத் தனியாகப் பணம் தர வேண்டாம்.

வாங்கினால் டேப்பைப் பிரித்துவிட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வருஷக்கணக்கில் வியர்வை இறங்கிய அலுமினியம் டேப்புக்கு அடியில் வெள்ளையாகப் பூத்துக் குழி விழுந்திருக்கும். ஸ்டெம் (ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் துண்டு) கவ்வும் இடத்தில் ஆழமான கீறல் இருந்தால் இனாமாகக் கொடுத்தாலும் ஓட்டுவதற்கு வேண்டாம். ஹேண்டில்பார் உடைந்தால் விழுவது முகம்தான்.

கேள்வி: மாவிக் ஜாப் எலக்ட்ரானிக் கியர், பெட்டியோடு. "டெஸ்ட் செய்யவில்லை" என்கிறார் விற்பவர்.

வேலை செய்யாது என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். 1990களின் தொடக்கத்தில் பட்டனை அழுத்தினால் பின் கியர் மாறுகிற மாதிரி செய்துவிட்டார்கள், அது பெரிய விஷயம்தான். பேட்டரி ஒரு சின்ன சோலனாய்டை (மின்காந்தத்தால் நகரும் ஊசி) மட்டும் இயக்கும், கியரைத் தள்ளுகிற பலம் செயின் சுற்றும் குட்டிச் சக்கரத்திலிருந்தே வரும். அதனால் மேசைமேல் வைத்துப் பட்டனை அழுத்திக் காட்டுகிற வீடியோவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், வண்டியில் மாட்டி, பெடலைச் சுற்றி, கியர் மாறுவதைக் காட்டச் சொல்லுங்கள். மழையில் இது மக்கர் செய்தது அந்தக் காலத்திலேயே எல்லோருக்கும் தெரிந்த கதை.

கேள்வி: பயோபேஸ் செயின் வீல், வட்டமாக இல்லாமல் கோணலாக இருக்கிறது. மூட்டு வலி வரும் என்கிறார்களே?

1983இல் ஷிமானோ கொண்டுவந்தது. பத்து வருஷம் எல்லோரும் திட்டினார்கள், எனக்கென்னவோ அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை, நிதானமாக மிதிப்பவர்களுக்கு நன்றாகவே இருக்கும். இப்போது சல்லிசாகக் கிடைக்கிறது, வாங்குங்கள். பல் கூர்ந்து சாய்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், மாட்டும்போது கிராங்க்குக்கு நேராக வர வேண்டிய பக்கத்தைச் சரியாக வையுங்கள். திருப்பி மாட்டிவிட்டு வலிக்கிறது என்றால் அதற்கு ஷிமானோ பொறுப்பில்லை.