உப்புக்காத்து ஊருல வீடு கட்டறீங்களா, கேளுங்க சொல்றேன்

எல்லாருக்கும் வணக்கம். நான் சிவில் இன்ஜினியர், பாம்பன் பக்கம். ராமநாதபுரம் கடற்கரை ஊர்கள்ல ஊர்க்காரங்களோட உக்காந்து பேசி வீடு, அங்கன்வாடி, வலைக் கொட்டகை, கழிப்பறை எல்லாம் இந்த மண்ணுக்கும் காத்துக்கும் ஏத்த மாதிரி வரைஞ்சு குடுக்கற லாபநோக்கமில்லாத அமைப்பு ஒண்ணுல வேலை பாக்கறேன். நாங்க காண்ட்ராக்டர் இல்ல, சிமெண்ட் விக்கறவங்களும் இல்ல. கேக்கறதுக்கு முன்னாடி மேல வந்திருக்கற கேள்வி-பதிலை ஒருக்கா படிச்சிருங்க.

தங்கச்சிமடத்துல இருந்து: அக்கா, வீடு கட்டி பன்னெண்டு வருஷம் கூட ஆகல, சீலிங்ல காரை பேந்து பேந்து விழுது, கம்பி தெரியுது. கொத்தனார் பூசிவிட்டா போதும்ங்கறார். பூசலாமா?

பூசாதீங்க தம்பி. முதல்ல அந்த இடத்துக்குக் கீழ யாரும் படுக்காம பாத்துக்குங்க, தொட்டில் கட்டியிருந்தா இன்னைக்கே அவிழ்த்துருங்க. அப்புறம் ஒரு கம்பெடுத்து சீலிங் முழுக்க தட்டிப் பாருங்க, கெட்டியா சத்தம் வந்தா சரி, பொத்துபொத்துன்னு சத்தம் வந்தா அங்க உள்ள கம்பி துருப்பிடிச்சு காரையைத் தள்ளிக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம், ஏன்னா துரு இரும்பை விட ரெண்டு மடங்குக்கு மேல இடம் எடுக்கும், அதுக்கு இடம் வேணும்ல, அது கான்கிரீட்டை உடைச்சுக்கிட்டுதான் வெளிய வரும். மேல பூசினா உள்ள துரு பாட்டுக்கு வேலை பாக்கும், ரெண்டு மழையில பூச்சோட சேர்ந்து விழும். பொத்தல் சத்தம் வர்ற இடம் பூரா கொத்தி எடுக்கணும், கம்பிக்குப் பின்பக்கம் வரைக்கும், துருவை கம்பி பிரஷ் போட்டு தேச்சு, ஜிங்க் பிரைமர் அடிச்சு, பாலிமர் கலந்த மார்ட்டர் வச்சு அடைக்கணும். கம்பியே மெலிஞ்சு போயிருந்தா இன்ஜினியர் நேர்ல பாக்காம எதையும் தொடாதீங்க.

இது ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்துச்சுன்னு கேட்டா ரெண்டு காரணம். ஒண்ணு காத்து. காரைக்குடி சிக்ரி ஆய்வகம் இரும்பு எப்படி அரிக்குதுன்னு பாக்கறதுக்குன்னே மண்டபத்துல சோதனை நிலையம் வச்சிருக்குன்னா நம்ம காத்து எப்படிப்பட்டதுன்னு யோசிச்சுக்குங்க. ரெண்டாவது, நான் இன்னைக்கு பத்து தடவை சொன்னாலும் சொல்லுவேன், தண்ணி. போர்ல வர்ற உப்புத்தண்ணியில கான்கிரீட் கலக்கறது நம்ம கையாலயே கம்பிக்கு விஷம் வைக்கிற வேலை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 படி கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு கலக்கற தண்ணியில குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராம் தாண்டக் கூடாது. கடல் தண்ணியில 19,000 வாக்கில இருக்கும். உங்க போர் தண்ணி இது ரெண்டுக்கும் நடுவுல எங்க இருக்குன்னு நாக்குல வச்சுப் பாத்தா தெரியாது. ராமநாதபுரத்துல குடிநீர் வடிகால் வாரிய லேப் இருக்கு, ஒரு பாட்டில்ல பிடிச்சு குடுத்து டெஸ்ட் பண்ணுங்க.

மண்டபம் கேம்ப்: யூடியூப்ல ராட் ட்ராப் பாண்ட் பாத்தேன், செங்கல் மிச்சமாகுமாமே?

ஆகும், நாலுல ஒரு பங்கு வரைக்கும். செங்கல்லை நெட்டுக்குத்தா வச்சு நடுவுல பொந்து விட்டுக் கட்டறது, வெயில் உள்ள இறங்கறதும் குறையும். ஆனா செங்கல் எல்லாம் ஒரே அளவா, முனை மழுங்காம இருக்கணும். நாட்டுச் செங்கல்ல ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா வந்தா மட்டம் பிடிக்கவே நேரம் போயிரும். முதல்ல ஒரு காம்பவுண்டு சுவர் கட்டிப் பழகச் சொல்லுங்க.

பெரியபட்டினம்: உங்க அமைப்பு இலவசமா வீடு கட்டித் தருமா மேடம்?

தராது. வரைபடம், மேற்பார்வை, கொத்தனாருக்கு பயிற்சி, இது மூணும்தான். அரசாங்கத்தோட கலைஞர் கனவு இல்லத் திட்டத்துல 360 சதுர அடிக்கு மூணரை லட்சம் வருது, அதுக்கு பஞ்சாயத்துல கேளுங்க. ஆர்டர் கையில கிடைச்சதும் அஸ்திவாரம் தோண்டறதுக்கு முன்னாடி எங்ககிட்ட வாங்க. தோண்டினப்புறம் வந்தா பாதி விஷயம் கை மீறியிருக்கும்.

வாலிநோக்கம்: கடற்கரை மண்ணுலயே அழுத்தின மண் கல் போட முடியுமா? ஆரோவில்ல போடறாங்களே.

கடற்கரையில இருக்கறது மணல், அதுல களி கிடையாது, களி இல்லாம கல்லு பிடிக்காது. போதாததுக்கு உப்பு வேற. ஆரோவில்ல அந்த மண்ணு காலடியிலயே இருக்கு, அதனால 5 சதவீதம் சிமெண்ட்ல முடியுது. நீங்க சிவகங்கை பக்கமிருந்து லாரியில செம்மண் இறக்கி அதை இயற்கை வீடுன்னு சொன்னா அதுல எனக்கு உடன்பாடு இல்ல. உங்க ஊருக்கு அது சரிவராது, விட்டுருங்க.

தேவிபட்டினம்: அக்கா, கலக்கறதுக்கு நல்ல தண்ணி, அப்புறம் நனைச்சு வைக்கற க்யூரிங்குக்கு மட்டும் போர் தண்ணி ஊத்தலாமா?

ஊத்தாதீங்க. புது கான்கிரீட் தண்ணிய உறிஞ்சும், உப்பும் சேர்ந்துதான் உள்ள போகும். தண்ணி கஷ்டம்னு தெரியும், அதனால ஈரச்சாக்கு போட்டு மூடி அதுக்கு மேல பிளாஸ்டிக் ஷீட் விரிங்க, ஒரு டேங்கர் தண்ணி ரொம்ப நாள் வரும்.

சாயல்குடி பக்கம், இப்ப சிங்கப்பூர்ல: ஒண்ணு கேக்கறேன் கோவிக்காதீங்க. இந்த மண் வீடு, ஓலை, சுண்ணாம்பு எல்லாம் ஏன் ஏழைக்கு மட்டும் சொல்றீங்க? எங்க அப்பத்தா ஓலை வீட்டுல இருந்து தீப்பிடிச்சு எல்லாத்தையும் விட்டுட்டு ஓடினவங்க. எங்களுக்கு மச்சு வீடுங்கறது மரியாதை. ஏசி ரூம்ல இருந்துக்கிட்டு எங்களுக்கு மட்டும் இயற்கைன்னு பாடம் எடுக்கறாங்க.

கோபமே இல்ல தம்பி, இதைக் கேக்க யாராவது வரணும்னுதான் இருந்தேன். உங்க அப்பத்தா பட்டது பொய்யில்ல. ஓலை தீப்பிடிக்கும், புயல்ல பறக்கும், 1964 டிசம்பர்ல தனுஷ்கோடி போனதைப் பத்திக் கேட்டு வளந்த ஊரு இது, அதனால பலமான கூரை வேணும்னு ஒருத்தர் சொன்னா அதை பேராசைன்னு நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஓலை வீட்டுக்குத் திரும்பிப் போங்கன்னு எங்க அமைப்புல யாரும் சொல்றதில்ல. ஆனா மண்ணும் செங்கல்லும் ஏழைக்கு மட்டும்னு நீங்க நினைக்கறது சரியில்ல. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்துல சென்டர் ஃபார் டெவலப்மெண்ட் ஸ்டடீஸ் வளாகத்தையே பூசாத செங்கல்லுல கட்டினார், படிச்ச பேராசிரியருங்க உக்கார்ற இடம் அது. தனக்கும் அதே மாதிரிதான் கட்டிக்கிட்டார், 2007ல இறக்கற வரைக்கும் அந்த வீட்டுலதான் இருந்தார்.

எனக்கு சண்டை கான்கிரீட்டோட இல்ல, யாரைக் கேட்டு முடிவு பண்றாங்கங்கறதுல. 2004 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினம் பக்கம் பல இடத்துல நிலத்தை மட்டமாக்க இருந்த மரத்தை எல்லாம் வெட்டிட்டு வரிசை வரிசையா ஒரே மாதிரி கான்கிரீட் பெட்டி கட்டிக் குடுத்தாங்க, நிழலும் போச்சு, அக்கம்பக்கமும் மாறிப்போச்சு. அதுக்கு முன்னாடி 2001 பூகம்பத்துக்கு அப்புறம் குஜராத்துல காசை வீட்டுக்காரங்க கையில குடுத்து, அவங்களே கட்ட, தொழில்நுட்ப உதவி மட்டும் பக்கத்துல நின்னு செஞ்சாங்க, புஜ்ல ஹுன்னர்ஷாலா அந்த நேரத்துல வளந்த அமைப்புதான். கான்கிரீட்டா மண்ணாங்கறதை விட இந்த வித்தியாசம்தான் எனக்குப் பெருசு.

இங்க நடந்த ஒண்ணு சொல்றேன். ஒரு மீனவர் தெருவுல சென்னையில இருந்து வந்த ஆர்க்கிடெக்சர் பிள்ளைங்க வரைஞ்ச வீட்டை சுண்ணாம்புப் பொடியால தரையில முழு அளவுக்கு கோடு போட்டுக் காமிச்சோம். பொம்பளைங்க உள்ள நடந்து பாத்தாங்க, ஒரு அம்மா சமையக்கட்டு கோட்டுக்குள்ள போயி குத்தவச்சு உக்காந்து, தென்மேற்குல இருந்த ஜன்னலைக் காமிச்சு, கச்சான் காலத்துல இது வழியா மணல் வந்து சோத்துல விழும்னு சொல்லிட்டாங்க. காத்தோட்டம்னு புத்தகத்துல படிச்சு வரைஞ்ச ஜன்னல் அது. அங்கயே அழிச்சு ஜன்னலை கிழக்க மாத்தி, மேற்க தலைக்கு மேல சின்ன ஜாலி மட்டும் வச்சோம். பக்கத்து வீட்டுக்காரங்க வாடைக்காத்து மழை நேரா அடிக்கும்னு வாசலைத் திருப்பினாங்க. கூரை கான்கிரீட்டுதான், அவங்கதான் கேட்டாங்க, குடுத்தோம்.

ஏர்வாடி: சிங்கப்பூர் தம்பி, மே மாசம் மத்தியானம் வந்து எங்க மச்சு வீட்டுல ஒரு மணி நேரம் படுத்துப் பாருங்க, அப்புறம் மரியாதை பத்திப் பேசலாம்.

தொண்டி: ஓலை மாத்த ஆள் எங்க கிடைக்குது? பனையேறவே ஆள் இல்ல. தம்பி சொல்றதுதான் சரி.

சாயல்குடி பக்கம்: படுத்திருக்கேன் அண்ணே, பொறந்து வளந்தது அங்கதான். வெக்கையைத் தாங்கிக்கலாம், தீயைத் தாங்க முடியாது.

ரெண்டு பேர் சொல்றதும் சரி, ஒருத்தரை ஒருத்தர் அடிக்க வேண்டாம். வெக்கைக்கு வழி இருக்கு. மாடிக்கு மேல செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டு தட்டு ஓடு பதிக்கறது நம்ம பழைய முறை, முடியலன்னா வருஷம் ஒருக்கா கோடைக்கு முன்னாடி வெள்ளை சுண்ணாம்பு அடிங்க, அதுவே நல்லா வித்தியாசம் தெரியும். புதுசா கட்டறவங்க ஃபில்லர் ஸ்லாப் கேளுங்க, கான்கிரீட் வேலையே செய்யாத அடிப்பக்கத்துல மங்களூர் ஓடு வச்சு ஊத்தறது, சிமெண்டும் கம்பியும் மிச்சம். ஆனா அதை இன்ஜினியர் வரைஞ்சு குடுக்கணும், ஓட்டை இஷ்டத்துக்கு வைக்கக் கூடாது. இந்தப் பேச்சை இதோட நிறுத்திக்கலாம், நிறைய பேர் காத்திருக்காங்க.

கீழக்கரை: லாத்தா, எங்க வாப்பிச்சா வீடு கடல்கல்லு வச்சு சுண்ணாம்புல கட்டினது. ஒரு பக்கம் சரிஞ்சிருக்கு. அதே கல்லு கிடைக்குமா?

வாங்கவே வாங்காதீங்க காக்கா. அது பவளப்பாறை, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு, எடுத்தாலும் வித்தாலும் குற்றம். மன்னார் வளைகுடாவுல தேசியப் பூங்காவா அறிவிச்ச 21 தீவுல பூவரசன்பட்டி, விலங்குசல்லி ரெண்டும் தண்ணிக்குள்ள போயிருச்சு, பாறையை வெட்டி வெட்டி எடுத்தது அதுக்கு முக்கியக் காரணம். உங்க வீட்டுல விழுந்த கல்லையே எடுத்து வச்சுக்குங்க, அதையே திருப்பிக் கட்டலாம், குறையற இடத்துக்கு செங்கல். தயவுசெஞ்சு சிமெண்ட் பூசாதீங்க, அந்தச் சுவர் ஈரத்தை வாங்கி வெளிய விடற சுவர், சிமெண்ட் பூசினா உப்பு உள்ளயே தங்கி கல்லைப் பொடியாக்கிரும். கிளிஞ்சல் சுண்ணாம்பும் மணலும்தான். அந்த வீட்டைக் கண்டிப்பா இடிக்காதீங்க, நான் ஒருநாள் வந்து பாக்க ஆசைப்படறேன்.

ராமேஸ்வரம்: வாஸ்துப்படி கிணறு எங்க வரணும்?

எனக்கு வாஸ்து தெரியாது. கழிப்பறைக் குழியில இருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி.

ராமேஸ்வரம், இன்னொருத்தர்: கடல் ஓரத்துல லாட்ஜ் கட்டணும், பிளான் போட்டுத் தருவீங்களா?

இல்ல. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துல வருதான்னு முதல்ல மாவட்ட அலுவலகத்துல கேளுங்க, உயர் அலைக் கோட்டுல இருந்து 500 மீட்டருக்குள்ளன்னா அனுமதி இல்லாம கடைக்கால் தோண்டாதீங்க.

மூக்கையூர்: நாலடி தோண்டினா தண்ணி, நல்ல தண்ணி. கழிப்பறைக்கு ரெட்டைக் குழி போடச் சொல்றாங்க.

இங்க கவனமா இருக்கணும் அண்ணே. நம்ம மணல்ல மழைத்தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல மெல்லிசா மிதக்குது, அதான் கரையில குழி தோண்டி சிரட்டையில மோந்து குடிக்கிற தண்ணி. குழியோட அடிக்கும் அந்தத் தண்ணிக்கும் நடுவுல ரெண்டு மீட்டராவது மண்ணு இருக்கணும், உங்களுக்கு நாலடிதான் மொத்தமே. அதனால ரெட்டைக் குழி வேண்டாம். தரைக்கு மேல தொட்டி வச்ச எக்கோசான் கழிப்பறை பாருங்க, மலமும் மூத்திரமும் தனித்தனியா போகும், திருச்சி பக்கம் முசிறியில ஸ்கோப் அமைப்பு ரொம்ப நாளா செஞ்சு காமிச்சிருக்காங்க. வீட்டுல எல்லாரும் ஒத்துக்கிட்டா மட்டும் கட்டுங்க, சாம்பல் போடற வேலையை மருமக தலையில மட்டும் கட்டறதா இருந்தா கட்டாதீங்க.

மழைத்தண்ணியும் பிடிங்க. வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் வாக்கில பெய்யுது, 360 சதுர அடி கூரையில சேதாரம் போக 21,000 லிட்டர் வரும். அஞ்சாயிரம் லிட்டர் தொட்டி இருந்தா அஞ்சு பேர் குடிக்க, சமைக்க நாளைக்கு 25 லிட்டர்னு 200 நாள் ஓடும். முதல் மழையை மட்டும் வெளிய விட்டுருங்க.

உச்சிப்புளி: போர் தண்ணி கொஞ்சம்தான் உப்பு, கலக்கலாமா?

மேல படிங்க.

பாம்பன்: தண்ணிய ரெண்டு நாள் தொட்டியில தெளிய வச்சா உப்பு போயிருமா?

போகாது. மண்ணுதான் தெளியும், உப்பு கரைஞ்சிருக்கு. டெஸ்ட் பண்ணுங்க. இனிமே தண்ணி கேள்விக்கு இதுதான் பதில், தனியா எழுதமாட்டேன்.

திருப்புல்லாணி, கொத்தனார்: நான் முப்பது வருஷமா கொத்து வேலை. நீங்க புத்தகம் பேசறீங்கம்மா. சின்ன வீட்டுக்கு எம் 30 எவன் போடுவான்? மிஷினே வர்றதில்ல, சட்டியிலதான் கலக்கறோம். வீட்டுக்காரன் சிமெண்டுல கை வைக்கிறான், பழி எங்க மேல.

அண்ணே, நீங்க சொல்றது முழுக்க உண்மை, வீட்டுக்காரங்க இதைப் படிக்கணும். கொத்தனாருக்குக் கூலியைக் குறைச்சு, மூட்டையைக் குறைச்சு, அப்புறம் காரை விழுதுன்னு அழக்கூடாது. விதி கடற்கரைக்கு எம் 30ங்கற பலமான கான்கிரீட் தரத்தைக் கேக்குது, கைக்கலவையில அதைப் பிடிக்கறது கஷ்டம்தான், அதனால கூரை போடற அன்னைக்கு மட்டுமாவது மிக்சர் வாடகைக்கு எடுக்கச் சொல்லுங்க. மிச்ச மூணு விஷயம் உங்க கையிலதான் இருக்கு. கலவை இளகலா வேணும்னு தண்ணிய கூட ஊத்த விடாதீங்க, 50 கிலோ மூட்டைக்கு இருபத்திரெண்டு லிட்டருக்கு மேல வேண்டாம், மணல் ஈரமா இருந்தா இன்னும் குறைங்க. இரும்பு ஆலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமெண்ட் கிடைச்சா அதைக் கேளுங்க, உப்பை உள்ள விடாம தாங்கும். மூணாவது கவர், அதாவது கம்பிக்கும் கான்கிரீட்டோட வெளிப்பக்கத்துக்கும் நடுவுல இருக்கற கனம். கம்பிக்கு அடியில ஒரு ஜல்லியைச் சொருகறீங்கல்ல, மேல நடக்கறப்ப அது நழுவி கம்பி பலகையிலயே படுத்துரும், சன்ஷேடுல முதல்ல வெடிக்கறது அதனாலதான். வீட்டுக்குள்ள சீலிங்குக்கு 30 மில்லிமீட்டர், வெளிய காத்து படற தூண், பீம், சன்ஷேடுக்கு 45, அலை தெறிக்கிற இடம்னா 50.

திருப்புல்லாணி, கொத்தனார்: 45க்கு கவர் பிளாக் கடையில இல்லம்மா. கேட்டா 20, 25 தான் குடுக்கறான்.

வாங்க வேண்டாம்ணே, நீங்களே போடலாம். கூரைக்கு என்ன கலவையோ அதே சத்துல, பெரிய ஜல்லி இல்லாம, நடுவுல கட்டுக்கம்பி சொருகி அச்சுல ஊத்தி, நல்ல தண்ணியில ஏழு நாள் ஊற வைங்க. 30, 45 ரெண்டு அளவுலயும் அச்சு எங்ககிட்ட இருக்கு. ஞாயித்துக்கிழமை உங்க ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வாங்க, ஊத்திக் காமிக்கிறேன், அச்சையும் எடுத்துட்டுப் போங்க, அடுத்த கூரை முடிஞ்சதும் திருப்பிக் குடுத்தா போதும்.