பதினோரு நோட்டுல ஒரே பிழை

கேள்வி: கோபி பக்கம் ஒரு காலேஜ்ல புதுசா வாத்தியாரா சேர்ந்திருக்கேனுங்க. அசைன்மென்ட்ல ஒருத்தன் விட்ட எழுத்துப்பிழை அப்படியே 11 நோட்டுல இருக்குது. மார்க்கைக் கொறச்சாப் போதுமாங்க?

பதில்: மார்க்கை மட்டும் கொறச்சா அடுத்த தடவ பிழையைத் திருத்திட்டுக் காப்பி அடிப்பாங்க கண்ணு. மொதல்ல கேள்விய மாத்துங்க. 'கைத்தறித் தொழில் பத்தி எழுதுக'ன்னு கேட்டா நெட்ல இருக்கறதுதான் வரும், அதையே பவானியில ஜமக்காளம் நெய்யறவங்க ஒருத்தர்கிட்ட உக்காந்து பேசி, நூல் என்ன வெல, கூலி எவ்வளவுன்னு கேட்டு எழுதிட்டு வான்னு சொன்னா, யாரைப் பாத்து எழுதுவான்? கடைசி நாள்ல மொத்தமா வாங்காம, மொத வாரம் கேட்டு வந்த குறிப்பு, அடுத்த வாரம் ரஃப் காப்பின்னு வாங்குங்க, அப்புறம் ஆளுக்கு 5 நிமிசம் வாய்மொழியா கேளுங்க, சொந்தமா எழுதுன புள்ள தடுமாறாம சொல்லீரும்.

இன்னொண்ணு, நெறையப் பேருக்கு எடுத்த எடத்தைச் சொல்லோணும்னே தெரியாதுங்க, ஸ்கூல்ல கைடைப் பாத்து எழுதியே வந்த புள்ளைங்க, அவங்களைத் திருடன்னு பேசீராதீங்க, எனக்கு அது மனசுக்கு ஒப்பவே இல்ல. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018ல போட்ட விதிப்படி, பட்டத்துக்கு எழுதற ஆய்வேடு, அதான் தீசிஸ்ல, 10 சதவீதம் வரைக்கும் அடுத்தவங்க எழுதுனதோட ஒத்துப்போனா தண்டனை இல்ல, 60ஐத் தாண்டுனா அந்தப் படிப்போட ரெஜிஸ்ட்ரேஷனே ரத்து, இதை மொத வருசமே சொல்லிக் குடுங்க.

உங்க பிபிடில போடற படம் எங்க எடுத்ததுன்னு அடியில ஒரு வரி போடறீங்களா? நாளைக்கே ஆரம்பிச்சுருங்க, புள்ளைங்க அதைத்தான் பாக்கும்.