விமானத் தட வரைபடத்தில் ஒரு விமானம் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருவது ஏன்?

விமானங்கள் பறப்பதை நேரலையில் காட்டும் பிளைட்ரேடார்24 போன்ற இணையத்தளங்களில் ஒரு விமானத்தின் கோடு, ஓட்டப்பந்தயத் தடத்தைப் போல நீள்வட்டமாக ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தால், அது பெரும்பாலும் தரையிறங்கத் தன் முறைக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். ஓடுபாதையில் நெரிசலோ மோசமான வானிலையோ இருந்தாலும் விமானத்தால் நடுவானில் நிற்க முடியாது. இறக்கைகள் அதைத் தாங்க, அது முன்னோக்கி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். நிறுத்த இடம் கிடைக்காத கார் தெருவையே சுற்றி வருவதைப் போன்றதுதான் இது. ஆனால் இங்கே 1000 அடி உயர இடைவெளியில் பல விமானங்கள் அடுக்கடுக்காகச் சுற்றலாம், அடியில் உள்ளது விலகியதும் மற்றவை ஒவ்வொரு படியாகக் கீழே வரும் (திரையில் உயர எண் அப்படிக் குறைவதைப் பார்ப்பதே தனிச் சுவை). சுற்றுகிறது என்பதாலேயே விமானம் ஆபத்தில் இருப்பதாக எண்ண வேண்டியதில்லை. பொது அவசரநிலையை அறிவிக்க, விமானம் தரைக்கட்டுப்பாட்டுக்கு அனுப்பும் 7700 என்ற தனிக் குறியீடு உண்டு.