காமிக்ஸ் மூலப்பக்கம்: அசலா, நகலா?

கேள்வி: 1970களில் வந்த அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸின் மூல ஓவியப் பக்கம் (அச்சுக்காக ஓவியர் கையால் வரைந்தது) ஒன்று விலைக்கு வருகிறது. அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: முதலில் அளவு. 1967 வாக்கில் அங்கே பெரிய தாளைக் கைவிட்டு, ஏறத்தாழ 10க்கு 15 அங்குலத்தில் வரையத் தொடங்கினார்கள். அதுவும் அச்சான புத்தகத்தைவிடப் பெரிதுதான். புத்தக அளவிலேயே ஒரு 'மூலம்' வந்தால் சந்தேகப்படுங்கள். அடுத்து, அச்சான இதழை அருகில் வைத்துக் கோடு கோடாக ஒப்பிடுங்கள். பிறகு பக்கத்தைச் சாய்த்து, பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். அழித்த பென்சிலின் பள்ளம், திருத்தப் பூசிய வெள்ளை மையின் மேடு, கறுப்பு நிரப்பிய இடத்தில் தூரிகைத் தடம் எல்லாம் தெரிய வேண்டும். ஒளிப்பெட்டியில் (அடியில் விளக்கு எரியும் கண்ணாடிப் பலகை) வைத்துப் பார்த்து வரைந்த நகலில் கோடு தயங்கித் தயங்கி ஓடும். அதில் திருத்தமே இருக்காது. அவ்வளவு சுத்தம்தான் அதைக் காட்டிக்கொடுக்கும்!

அந்தக் காலத்தில் வசனத்தை ஓவியப் பக்கத்தின் மேலேயே கையால் எழுதினார்கள். வசன பலூன் காலியாக இருந்தால் காரணம் கேளுங்கள். தலைப்பு எழுத்து ஒட்டிய போட்டோ நகலாக இருப்பதும், பசை பழுப்பேறியிருப்பதும் சகஜம், குறையல்ல.

கேள்வி: வாங்கினால் சுவரில் மாட்டலாமா?

பதில்: மாட்டலாம், வெயில் படாத சுவரில். அமிலமில்லாத மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை), புறஊதா தடுக்கும் கண்ணாடி போடுங்கள். இந்தியன் இங்க் என்ற கறுப்பு ஓவிய மை தாங்கும். மார்க்கர் மை வெளுத்துவிடும். செலோ டேப் மட்டும் வேண்டாம். பக்கம் உங்களுடையது ஆனாலும், அச்சிட்டு விற்கும் உரிமை கூடவே வராது.